ஒஸ்தியாவில் மாமாவுக்கு மணிவிழா

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரோமானிய வரலாறு பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தர்ஷினியைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது. அதற்காக அவள் அப்பாவிடம் ஒரு சின்னப் பொய் சொன்னேன். அந்தப் பொய் சிட்னியில் கிளம்பி, இத்தாலி வரைக்கும் கூடவே வந்து, ஒரு புதன்கிழமை காலையில் என்னைக் குப்புறத் தள்ளியது. (அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே குப்புறத்தான் கிடந்தேன்.)

நான் திருச்சிக்காரன். சிட்னியில் பரமட்டா பகுதியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் வேலை. தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பெண். ஏழு வயதில் அப்பா அம்மாவோடு சிட்னி வந்தவள். அதே அலுவலகத்தில் எனக்கு மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். மூன்று மேசையையும் கடக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதன்பிறகு அவள் அப்பா அம்மாவைப் பார்க்க கிரவீனில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மாமா அதிகம் பேச மாட்டார். பேசினாலும் என்னோடு பேச மாட்டார். இலங்கையில் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்தவர், சிட்னிக்கு வந்தபின் ஒரு கவுன்சிலில் இருபத்தைந்து வருடமாக வடிகால் வரைபடம் போடுகிறவர். அன்று அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை. இருந்தும் எல்லாக் கேள்வியும் மகள் வழியாகத்தான் வந்தது.

"தர்ஷி, அவர் தேத்தண்ணி குடிப்பாரோ எண்டு கேள்."

"குடிப்பேன் சார்" என்றேன். அவர் தர்ஷினியின் வாயிலிருந்து பதில் வரும்வரை காத்திருந்தார்.

பிறகு, "அவருக்கு வேலையை விட்டா வேற என்னத்தில விருப்பம் எண்டு கேள்" என்றார். கிரிக்கெட் என்பதுதான் உண்மையான பதில். ஆனால் அந்த நேரம் பார்த்து டிவியில் ஏதோ ஓர் ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்குக்கு மேலே வளைவு வளைவாக ஒரு கல் வாய்க்கால், ரோமானியர்கள் கட்டியதாம். மாமா கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹிஸ்டரிங்க. முக்கியமா ரோமன் ஹிஸ்டரி" என்றேன்.

அவர் முதல்முறையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து "ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்தில்தான் என் கல்யாணம் நிச்சயமானது என்று இன்றும் நம்புகிறேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஓடியும் மாமாவுக்கு நான் "அவர்"தான். "அவருக்கு இன்னொரு இடியப்பம் வையும்" என்பார் மாமியிடம். "அவர் காரை எங்க விட்டவராம்?" என்பார் மகளிடம். மாமி அப்படியே தலைகீழ். நாளுக்கு நூறு தரம் "தம்பி, தம்பி" என்று கூப்பிடுவார். என் அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாமா என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை "தம்பி" என்று கூப்பிட மாட்டாரா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தேன். தர்ஷினியிடம்கூடச் சொன்னதில்லை.

மாமாவுக்கு அறுபது வயது நிறையும் வருடம் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆகவே மணிவிழாவை முறைப்படி செய்தே ஆக வேண்டும், செய்தால்தான் ஆயுள் கெட்டி என்பதில் மாமி உறுதியாக இருந்தார். மாமாவோ மண்டபம், மேளம், முந்நூறு பேர், கேமராக்காரன் என்றதுமே நெஞ்சைத் தடவிக்கொள்வார். மாமி உடனே வாயை மூடிக்கொள்வார். (அந்த வருடம் முழுக்க மாமாவுக்கு அதுதான் பிரம்மாஸ்திரம்.)

கடைசியில் தர்ஷினிதான் வழி கண்டுபிடித்தாள். "அப்பா, வேற என்ன வேணும் உங்களுக்கு? ஒரு ஹொலிடே போவமா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "ரோமில அந்த வாய்க்காலுகளைப் பாக்கவேணும் எண்டு கம்பஸ்ஸில படிக்கேக்க நினைச்சது" என்றார்.

மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எங்க வேணுமெண்டாலும் போங்கோ. ஆனா அண்டைக்கு நல்ல நேரத்தில ரெண்டு பேரும் சோடியா இருக்கவேணும், நிறைகுடம் வைக்கவேணும், பிள்ளையள் காலில விழவேணும். அது நடக்கேல்லை எண்டா நான் பிளேன் ஏறமாட்டன்." நிறைகுடம் என்பதை எங்கள் ஊரில் பூரண கும்பம் என்போம். செம்பில் தண்ணீர், மேலே மாவிலை, அதன்மேல் தேங்காய். நல்ல காரியம் எதுவும் அது இல்லாமல் அவர்கள் வீட்டில் தொடங்காது.

"அங்க கைட் ஒராள் புக் பண்ணவா?" என்று தர்ஷினி கேட்டாள்.

"ஏன் கைட்?" என்றார் மாமா. "அவருக்குத் தெரியும்தானே."

 மறுநாளே நூலகத்தில் தலையணை தடிமனில் ஒரு ரோமானிய வரலாறு எடுத்தேன். எங்கள் வீடு இருந்த பெண்டில் ஹில்லில் ரயில் ஏறினால் பரமட்டா வர பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பேரரசு எழவும் முடியாது, விழவும் முடியாது. ஒரு மாதம் படித்தும் மூன்றாம் அத்தியாயம் தாண்டவில்லை. அந்த மூன்றிலும் ஓர் ஓநாயும் இரண்டு குழந்தைகளும் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை.

ஜூலை மாதம் ரோமில் இறங்கினோம். சிட்னிக் குளிரிலிருந்து நேரே அடுப்புக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. முதல் இரண்டு நாள் ஊருக்குள் இருந்த இடிபாடுகளைப் பார்த்தோம். நானும் ஒரு சூத்திரம் கண்டுபிடித்துச் சமாளித்தேன். தூண் இருந்தால் கோயில். தூண் இல்லாவிட்டால் சந்தை. இரண்டுமாகத் தெரிந்தால், "முதல்ல கோயிலா இருந்துச்சு, அப்புறம் சந்தையாக்கிட்டாங்க." மாமி ஒவ்வொன்றுக்கும் "ஓமோ!" என்று வியந்தார். தர்ஷினி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். மாமா மட்டும் கோயிலையும் பார்க்கவில்லை, சந்தையையும் பார்க்கவில்லை. தரையில் எங்காவது வாய்க்கால் தெரிந்தால் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்ப்பார். "நல்ல சாய்வு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்திருப்பார். நான் சொன்ன எதையும் அவர் மறுக்கவில்லை. ஆகவே சூத்திரம் பலிக்கிறது என்று எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் புதன்கிழமை, மாமாவின் பிறந்த நட்சத்திரம். சிட்னியில் ஐயரிடம் கேட்டு மாமி நேரம் குறித்து வைத்திருந்தார். ரோம் நேரப்படி பதினொன்றே கால் முதல் பன்னிரண்டு வரை. பன்னிரண்டுக்கு மேல் ராகு காலம்.

ஹோட்டல் அறையிலேயே செய்திருக்கலாம். ஆனால் ஹோட்டல் பார்த்தது நான். காலில் விழ வேண்டுமானால் உடம்பு அறைக்குள்ளும் தலை நடைபாதையிலுமாகத்தான் விழ முடியும், அவ்வளவு விசாலம். தவிர, மாமா அன்று ஒஸ்தியா போக வேண்டும் என்றார். ரோமுக்கு வெளியே அரைமணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் பழைய துறைமுகப் பட்டணம் அது. ஒரு முழு ஊரே தெருவும் வீடும் கடையுமாக இடிந்து கிடக்கிறது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மாமி" என்றேன். "அங்க அருமையான இடம் ஒண்ணு இருக்கு. நான் பாத்து வெச்சிருக்கேன்."

இணையத்தில் ஒரு படம் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அரைவட்டமாகக் கல் படிகள் கொண்ட பழைய நாடக அரங்கு. முதல் படியில் இருவரையும் உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மாமி பெரிய கைப்பையோடு வந்தார். உள்ளே ஒரு பித்தளைச் செம்பு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வங்காளதேசத்துக்காரர் கடையில் வாங்கிய தேங்காய், பெண்டில் ஹில்லிலிருந்து கொண்டுவந்த இரண்டு துணிப்பூ மாலைகள், விபூதி, சந்தனம். மாவிலை கிடைக்காததால் ஹோட்டல் வாசல் தொட்டியிலிருந்து ஐந்து எலுமிச்சை இலை. (வரவேற்பறைப் பெண் போனில் பேசத் திரும்பிய நேரத்தில் அது நடந்தது. நான் காவலுக்கு நின்றேன்.)

ஒஸ்தியாவுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. நாடக அரங்குக்குப் போனால் சுற்றிலும் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஏதோ நிகழ்ச்சிக்கு இரும்புக் கம்பிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் என்னைப் பார்த்து விரலை மட்டும் ஆட்டினார்.

"அதுக்கென்ன, இன்னொரு இடம் இருக்கு" என்று நடந்தேன். ஊர் நடுவில் உயரமான ஒரு கோயில் தெரிந்தது. ஆனால் செங்குத்தான படிகள். ஸ்டென்ட் வைத்த மனிதரை வெயிலில் அதில் ஏற்றச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. மணி பதினொன்று இருபத்தைந்து. அடுத்த இடத்தில் நிழல் இல்லை. அதற்கடுத்த இடத்தில் உட்கார எதுவுமே இல்லை. மாமி குடையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தார். மாமா மெதுவாக, நின்று நின்று வந்தார். தர்ஷினி என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "டூ யூ ஈவன் நோ வேர் வீ ஆர்?" என்றாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

கூரையில்லாத ஒரு சதுர அறை. மூன்று பக்கச் சுவரோடும் ஒட்டி வழவழப்பான வெள்ளைப் பளிங்கில் நீளமான இருக்கை. பக்கத்துப் பைன் மரத்தின் நிழல் அதன்மேல் குளிர்ச்சியாக விழுந்திருந்தது. தரை சுத்தமாக இருந்தது. வாசலில் விளக்கப் பலகை ஒன்றும் இருந்தது. படித்திருக்கலாம். ஆனால் எல்லாம் தெரிந்தவன் பலகை படிப்பானா?

"இதுதான் மாமி நான் சொன்ன இடம்!" என்றேன். தூணும் இல்லை, சந்தை மாதிரியும் இல்லை. சூத்திரத்தை அந்த நிமிடமே விரிவுபடுத்தினேன். "ஊர்ப் பெரியவங்க கூடி உக்காந்து பேசற சபை."

மாமி உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "நல்ல வடிவான இடம். ஆனா தம்பி, இருக்கிற கல்லில என்னத்துக்கு இந்த ஓட்டையள்?"

பளிங்கு இருக்கை நெடுகிலும், ஒரு முழத்துக்கு ஒன்றாக, கையகல வட்ட ஓட்டைகள் இருந்தன. அவற்றைப் பார்த்தேன். மாமியைப் பார்த்தேன். மாமியின் பையிலிருந்து எட்டிப் பார்த்த செம்பைப் பார்த்தேன். மூளை அப்போது செய்த வேலையை அலுவலகத்தில் ஒருநாளாவது செய்திருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பேன்.

"கும்பம் வைக்கறதுக்கு மாமி. ரோமானியர்களும் நம்மள மாதிரிதான். பெரியவங்க உக்காந்தா பக்கத்துல தண்ணிக் குடம் வைப்பாங்க."

மாமியின் முகம் மலர்ந்தது பாருங்கள், அதற்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம் போல இருந்தது. "பாத்தியளே! அவையளும் எங்கட ஆக்கள் மாதிரித்தான்!" என்றார். செம்பில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சை இலை செருகி, தேங்காயை வைத்து, ஓர் ஓட்டைக்குள் மெல்ல இறக்கினார். செம்பு பாதி இறங்கி, வயிற்றில் பிடித்து ஆடாமல் அசையாமல் நின்றது.

"அளவெடுத்துச் செய்த மாதிரியெல்லே கிடக்கு!" என்று மாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

மாமா அப்போதுதான் வாசலுக்கு வந்தார். பலகைக்கு முன்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே வந்து ஓர் ஓட்டைக்குள் குனிந்து பார்த்தார். இருக்கைக்கு முன்னால் தரையில் வெட்டியிருந்த சின்ன வாய்க்காலைப் பார்த்தார். "நல்ல சாய்வு" என்றார். என்னை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மாமி விரித்த சால்வைமேல், இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

மணி பதினொன்று நாற்பது. இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். மாமி சந்தனம் வைத்தார். தர்ஷினி எதிர் இருக்கையில் போனைச் சாய்த்து வைத்து, ஐந்து நொடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி செய்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் காலில் விழுந்தோம். அவள் முழங்கால் மடக்கி அழகாகக் குனிந்தாள். நான் சும்மா குனிந்து தொட்டிருக்கலாம். மாமா பார்க்கிறாரே என்று, நெடுஞ்சாண்கிடையாக, கை இரண்டையும் நீட்டி, நெற்றி கல்லில் படும்படி விழுந்தேன். நெற்றி போய் முட்டிய இடம் அந்தச் சின்ன வாய்க்காலின் விளிம்பு.

அந்த நேரத்தில் பின்னால் நிறையக் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு வழிகாட்டிப் பெண், ஆங்கிலம் பேசும் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரை உள்ளே கூட்டி வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கும் அடுத்த இடத்துக்கு நேரமாகிறது போல. கொஞ்சம் தள்ளி நின்று ஆரம்பித்துவிட்டார்.

"பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இடம் இதுதான். ரோமானியர்களின் பொதுக் கழிப்பறை. ஒரே நேரத்தில் இருபது பேர் உட்காரலாம். நடுவில் தடுப்பு கிடையாது."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் முகத்தைக் காட்ட வேண்டுமே.

"காகிதம் இல்லாத காலம். ஒரு குச்சியின் முனையில் கடற்பஞ்சு கட்டியிருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே குச்சி. துடைத்தபின் அதை அலசுவதற்குத்தான் முன்னால் ஓடும் இந்தச் சின்ன வாய்க்கால். அதோ, அந்த அண்ணா தலை வைத்திருக்கிறாரே, அங்கே."

இருபது பிள்ளைகளும் என் தலையைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லும் இருட்டும்தான். இருந்தாலும் பார்வைகள் பிடரியில் விழுவது நன்றாகவே தெரிந்தது. யாரோ ஒரு குழந்தை "யக்" என்றது. நியாயமான கருத்து.

மாமிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். மெல்லத் தலையைத் திருப்பி, பக்கத்தில் ஓட்டைக்குள் மங்களகரமாக உட்கார்ந்திருந்த நிறைகுடத்தைப் பார்த்தார்.

"என்ர பிள்ளையாரே" என்றார்.  "வாழ்நாளில ஒருக்கா வாற நாள். இந்த மனுசன்ர ஆயுசுக்கெண்டு நேர்ந்துகொண்டு வந்தனான். கக்கூசுக்குள்ளயே கும்பம் வச்சனான்?"

என் வாழ்க்கையில் அந்தச் சில நொடிகளைப் போல நான் கூனிக்குறுகியதில்லை. மாமி என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அழுதார். என் பவிசுக்காக ஒரு மனுஷியின் வேண்டுதலை எங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது, அந்த வாய்க்காலிலேயே கரைந்து போய்விடலாம் போல இருந்தது.

அப்போதுதான் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். அப்புறம் நெஞ்சுவலியோ என்று பதறித் தலையைத் தூக்கினேன். மாமா சிரித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து, மாலை குலுங்க, கண்ணாடி மூக்கில் இறங்க, உடம்பு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. தர்ஷினியின் முகத்தைப் பார்த்தால் அவளும் பார்த்ததில்லை என்று தெரிந்தது.

"என்னப்பா சிரிக்கிறியள்?" என்றார் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எனக்கு உள்ள வரேக்கயே தெரியும்" என்றார் மாமா. "பலகையில போட்டிருக்குத்தானே."

"தெரிஞ்சோ இருந்தனீங்கள்? பின்னை ஏன் இருந்தனீங்கள்?"

"கால் உளைஞ்சது."

மாமி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "எழும்புங்கோ, வேற இடம் பாப்பம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னும் பத்து நிமிசம்தான் கிடக்கு. எங்க போறது? நான் எழும்பமாட்டன்."

"இந்தக் கக்கூசுக்குள்ள இருந்து பிள்ளையளுக்கு ஆசீர்வாதம் குடுத்தா உருப்படுமே?"

மாமா சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இருபத்தஞ்சு வருசமா இந்தத் தண்ணி ஓடுற வேலை செய்துதான் உங்களுக்கெல்லாம் சோறு போட்டனான்" என்றார். "கக்கூஸ் எண்டு சொல்லாதையும். இது என்ர ஒஃபிஸ்."

மாமி அவரை முறைத்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. அழுத கண்ணோடு அவருக்கும் சிரிப்பு பீறிட்டது.

மாமா குனிந்தார். நான் இன்னும் முழங்காலில்தான் இருந்தேன். நேராக என் முகத்தைப் பார்த்தார். தர்ஷினி பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி" என்றார். "இன்னொருக்கா விழும். நேரம் போகுது. நெத்தியை மட்டும் அந்த வாய்க்காலில முட்டாமப் பாத்துக்கொள்ளும்."

விழுந்தேன். விழுந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எழுந்தபோது அவர் என் நெற்றியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு விபூதி பூசினார். வழிகாட்டிப் பெண் என்ன விஷயம் என்று கேட்க, தர்ஷினி மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவ்வளவுதான், அந்த இருபது பிள்ளைகளும் சேர்ந்து மாமாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடினார்கள். பாட்டு முடியும்போது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. கூட்டமும் மேளமும் வேண்டாமென்று இத்தாலிக்கு ஓடி வந்த மனிதருக்கு, இருபது பேர் பாட, முறைப்படி மணிவிழா நடந்தேறியது.

மாமி அத்தோடு விடவில்லை. அந்த ரயில் பாதை சில ஸ்டேஷன் தள்ளிக் கடற்கரையில் போய் முடிகிறது. நேரே அங்கே போய், செம்பை மணல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கடல் தண்ணீரில் கழுவினார். அடுத்ததாக என் தலையைப் பிடித்து முக்கினார், அதுவும் மூன்று தரம். சுற்றிலும் நீச்சலுடையில் படுத்திருந்த இத்தாலியர்கள் இதை ஏதோ சாபம் கழிக்கும் சடங்கு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். கிட்டத்தட்ட சரிதான்.

சட்டை சொட்டச் சொட்ட மணலில் வந்து உட்கார்ந்தேன். மாமா கொஞ்சம் தள்ளி, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலையில் நின்றார்.

"உனக்கு ஒரு விசயம் சொல்லவா?" என்றாள் தர்ஷினி. "அப்பாவுக்கு ரோமுக்கு வந்த ஃபர்ஸ்ட் டேயே தெரியும், நீ சும்மா அடிச்சு விடுறாய் எண்டு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நான் கேட்டனான். 'பாவம், எனக்காக ஒரு மாசமா ட்ரெயினில அந்தப் பெரிய புத்தகத்தைக் காவிக்கொண்டு திரிஞ்ச பிள்ளை. பிழையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை' எண்டார்."

அந்தப் பிள்ளை ஈரச் சட்டையோடு கடலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு நிறைவாக நான் எந்தக் கடற்கரையிலும் உட்கார்ந்ததில்லை.

தர்ஷினியின் போன் தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது. ஐந்து நொடிக்கு ஒன்றாக எல்லாமே பதிவாகியிருந்தன. அவற்றில் ஒன்றில் மாமா வாய்விட்டுச் சிரிக்கிறார், மாமி நெஞ்சில் கைவைத்து நிறைகுடத்தைப் பார்க்கிறார், தர்ஷினி வாயைப் பொத்தியிருக்கிறாள், நான் முதுகு மட்டும். அழித்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். மாமி பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கிரவீன் வீட்டு ஹாலில் மாட்டிவிட்டார். "முப்பத்தஞ்சு வருசத்தில இந்த மனுசன் சிரிச்சு எடுத்த ஒரே படம். இடம் எதுவா இருந்தா எனக்கென்ன?" என்பது அவர் கட்சி. வீட்டுக்கு வரும் அன்ரிமாரும் அங்கிள்மாரும் எங்கே எடுத்தது என்று கேட்டால், முழுக் கதையும் சொல்லப்படும். நான் அந்த நேரத்தில் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவுவேன். மணிவிழாவுக்குப் பிறகு மாமாவுக்கு நெஞ்சில் ஒரு குத்துக்கூட வரவில்லை, அந்த இடத்தின் மகிமைதான் என்று இப்போது மாமியே சொல்லத் தொடங்கிவிட்டார். அறுபதை நெருங்கும் ஓர் அங்கிள் போன மாதம் என்னிடம் தனியாக வழி கேட்டார்.

மாமா கதை சொல்ல மாட்டார். அவர் செய்வது ஒன்றே ஒன்றுதான். எங்கே போனாலும், கல்யாண மண்டபமோ, கோயில் வாசல் பெஞ்சோ, ரயில் பிளாட்ஃபாரமோ, உட்காருவதற்கு முன் குனிந்து இருக்கைக்கு அடியில் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு என்னைத்தான் கேட்பார். "தம்பி, இதில இருக்கலாமோ?"

போன வாரம் வருடாந்தர இதயப் பரிசோதனைக்கு அவரைக் கூட்டிப் போனேன். அங்கே போவதென்றால் எப்போதுமே எனக்குப் பயம்தான். காத்திருக்கும் அறையில் வரிசையாகக் கதிரைகள். ஜன்னலோரமாக ஒன்றைப் பார்த்து இழுத்து வைத்தேன். அவர் வந்து குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தார்.

"தம்பி, இதில இருக்கலாமோ?"

"இருங்க மாமா" என்றேன். "நான் பாத்துட்டேன்."

"நீர் பாத்ததாலதான் கேக்கிறன்" என்றார்.